மணவறைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி

சுவிற்சர்லாந்தில் ஒரு படத்தைப் பார்த்து மத்தியானச் சாப்பாட்டை மறந்த ஒரே தமிழர் எங்கள் பெயின்ற் அண்ணைதான்.

சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் இருந்தார். சுவர்களுக்கு வர்ணம் பூசும் வேலை. ஒருமுறை சூரிச்சில் ஓர் ஓவியக்கூடத்துக்குச் சுவர் பூசப் போனவர், அங்கே தொங்கிய அமெரிக்க ஓவியம் ஒன்றின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். போன நூற்றாண்டின் நடுவில் வரைந்ததாம். மேலே ஒரு சிவப்புப் பெட்டி, கீழே ஒரு கறுப்புப் பெட்டி. படமே அவ்வளவுதான்.

"ஒட்டுநாடா ஒட்டாமல் அடிச்சிருக்கிறான், கரையெல்லாம் கோணல்!" என்று முதல்நாள் திட்டினார். மறுநாள் கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு யாரைக் கண்டாலும் அந்த ஓவியரின் கதைதான். அண்ணை நிற்பது தெரிந்தால் நாங்கள் பஸ்ஸில் மற்றக் கதவால் ஏறுவோம்.

ஆரா நகரில் எனக்குக் கல்யாணம் என்றதும் ஓடிவந்தார். "மணவறைக்குப் பின்சீலை நான் கீறித்தாறன்." மணவறைச் சீலை என்றால் மயில் படம்தானே. இலவசமாக வரும் மயிலை யார் வேண்டாம் என்பார்? தலையாட்டினேன்.

கல்யாணக் காலையில் சீலையைத் தொங்கவிட்டார். மயிலைக் காணவில்லை. மேலே சிவப்பு, கீழே கறுப்பு.

என் வருங்கால மாமி அலறினார். "கலியாண வீட்டிலை கறுப்போ! ஐயர் வாறதுக்கு முன்னம் கழட்டு தம்பி!"

"அக்கா, இது பெரிய ஆள் ஒருத்தற்றை படத்தைப் பாத்துக் கீறினது."

"எந்த ஊர் ஆள்?"

"ஊரிலை இருக்கேலாமல் பத்து வயசிலை கப்பலேறினவன். பாசை தெரியாது. பள்ளிக்கூடத்திலை சிரிச்சவங்கள். வாயிலை நுழையேல்லை எண்டு பேரையும் பாதியாக்கிப் போட்டாங்கள்."

மாமியின் குரல் இறங்கியது. "பாவம். தாயும் கூட வந்தவவோ?"

"ஓம் அக்கா."

"அப்ப தொங்கட்டும். நடுவிலை ஒரு பிள்ளையாரை மட்டும் கீறிவிடு."

"அவன் பிள்ளையார் கீறாத ஆள்."

"அப்ப கழட்டு!"

அண்ணை ஏணியில் ஏறினார். முதல் ஆணியைப் பிடுங்கினார். நல்லவேளை, ஐயர் உள்ளே வந்தார். சண்டையைக் கேட்டார். "பிள்ளையார்தானே? மஞ்சளிலை பிடிச்சு முன்னாலை வைக்கிறன். இறங்குங்கோ."

தாலி கட்டும்போது மண்டபமே எங்களைப் பார்த்தது. முன்வரிசையில் அண்ணை மட்டும் சீலையையே பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

"எங்களைப் பாத்தனீங்களோ அண்ணை?" என்று பிறகு கேட்டேன்.

"ஓம். கொஞ்சம் மறைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். பரவாயில்லை."

அன்று எத்தனையோ பேர் வாழ்த்தினார்கள். ஆனால் நான் கட்டிப்பிடித்தது அந்த மனிதரை மட்டும்தான்.