ஓணானுக்குப் புற ஊதா வாங்கிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். 'யாவரும்' என்பதில் உங்கள் ஓணானும் அடங்குமா என்று உங்கள் மாமியார் கேட்டாள். அடங்காது. ஆகவே, இங்கு இருவர் நலம், ஒருவர் சுமார். அங்கு நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். நான் வாயைத் திறந்தாலே உங்கள் மாமியார் போனைப் பிடுங்கி, "ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை, எல்லாம் நல்லாருக்கு" என்று வைத்துவிடுகிறாள். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது. புது ஊரில் வீட்டுக்காரர் பிராணிகளைச் சேர்க்க மாட்டேன் என்றதால், "ஒரே மாசம் மாமா" என்று சொல்லி உங்கள் தாடி ஓணானைக் கண்ணாடித் தொட்டியோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். அந்த ஒரே மாசம் இன்னும் முடிந்தபாடில்லை. உங்கள் மாமியார் அதைச் 'சின்ன மாப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அதுவும் திரும்பிப் பார்க்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். "தொட்டியில இருக்கற யூவிபி லைட் பழசாயிடுச்சு மாமா, மாத்திடுங்க" என்றீர்கள். "நல்லாத்தானே எரியுது?" என்றேன். "எரியும் மாமா, ஆனா வேலை செய்யாது" என்றீர்கள். அச்சகத்தில் அப்படிச் சில ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேனே தவிர, அப்படி ஒரு விளக்கைக் கேள்விப்பட்டதில்லை. நானோ ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியே சாப்பிட்டவன், ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குக் கிளம்ப எனக்கு வராது. அகராதியை எடுத்தேன். புற ஊதா என்று போட்டிருந்தது. அட, எல்லாமே பேரிலேயே இருக்கிறதே! ஊதா என்றால் நிறம், புறம் என்றால் வெளியே. நிறத்தைப் பார்த்து வாங்கு, வெளியே மாட்டு. இதற்குப் போய் மாப்பிள்ளை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று கொஞ்சம் சிரித்தும் கொண்டேன்.

நேரே எலெக்ட்ரிக் கடைக்குப் போய் ஊதா விளக்கு கேட்டேன். "எந்த ஊதா சார்? கத்திரிப்பூவா, நாவப்பழமா?" என்றார் கடைக்காரர். "பி ஊதா" என்றேன். "பி இப்ப வர்றதில்ல சார், இதப் போடுங்க, சும்மா அள்ளும்" என்று ஒன்றைக் கொடுத்தார். அள்ளத்தான் அள்ளியது. கூடம், நாற்காலி, உங்கள் மாமியாரின் முகம் எல்லாம் ஒரே ஊதா. கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "என்ன சார், டான்ஸ் கிளாஸ் ஏதாச்சும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். உங்கள் ஓணான் தாடியைக் கன்னங்கரேல் என்று ஆக்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. கோபம் வந்தால் அதற்குத் தாடி கறுக்குமாம். எனக்கு அந்த வசதி இல்லை.

அதற்கப்புறம்தான் வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனேன். அங்கே விளக்கு வாங்குவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். குண்டு பல்பா, டியூபா, வீரியம் குறைந்ததா, கூடியதா, தொட்டி எத்தனை உயரம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே போகிறாள். "உங்களோடது காடா சார், பாலைவனமா?" என்றாள். "மூணாவது மாடிம்மா" என்றேன். "ஐயோ, அதோட பூர்வீகம் சார்!" "அது மாப்பிள்ளை வழி, எனக்கு அவ்வளவா தெரியாது" என்றேன். படத்தைக் காட்டித் தாடியை அடையாளம் சொன்ன பிறகு, பாலைவனம் என்று அவளே முடிவு செய்து, வீரியம் கூடிய டியூப் ஒன்றை எடுத்து எரித்துக் காட்டினாள். பார்த்தால் வெள்ளை வெளேர்!

"ஊதாவையே காணோமே?"

"அது கண்ணுக்குத் தெரியாது சார்."

"தெரியாததுக்கு எதுக்கும்மா ஊதான்னு பேர் வச்சாங்க?"

"நான் வைக்கல சார்."

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை எப்படிப் பார்த்து வாங்குவது, நீங்களே சொல்லுங்கள். டியூபை எங்கே மாட்ட வேண்டும் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். "அது தெரியும்மா, பேர்லயே இருக்கு" என்று நான்தான் கையமர்த்தினேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்கு வந்து, தொட்டிக்கு வெளியே, பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி, திருகாணி போட்டு லட்சணமாக மாட்டினேன். "உள்ள வைக்க வேண்டாமாங்க? பழசு உள்ளதானே இருந்துச்சு?" என்றாள் உங்கள் மாமியார். "புறம்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். பேசாமல் போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள்.

போகப் போக உங்கள் ஓணான் கீரையைத் தொடவில்லை. புழுவை முகத்துக்கு நேரே ஆட்டினாலும் ஏதோ வேண்டாத விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. கட்டை மேல் ஏறப் போய்ச் சரிந்து விழுந்தது. ஒருநாள் முன்னங்கால் நடுங்குவதைப் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கென்று நீங்கள் போன் செய்து, "எப்படி இருக்கான் மாமா?" என்று கேட்டீர்கள். "ஜம்முனு இருக்கான்" என்றேன். பொய். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நீங்கள் பிள்ளை மாதிரி வளர்த்த ஜீவன். அதற்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயத்தில் வந்த பொய்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெளக்க எங்க மாட்டியிருக்கீங்க?" என்றார். சொன்னேன். "கண்ணாடி அந்தக் கதிரத் தடுத்துடும் சார். வெளிச்சம் மட்டும்தான் உள்ள போகும். பாவம், இவ்வளவு நாளா வெறும் டியூப்லைட்டப் பாத்துட்டு உக்காந்திருக்கு. அந்தக் கதிர் மேல படாம அதுக்கு எலும்புல சத்து ஒட்டாது" என்றார். ஏன் வெளியே மாட்டினீர்கள் என்று கேட்டார். புறம், ஊதா இரண்டையும் பிரித்து விளக்கினேன். அவர் தலையைக் குனிந்து வெகுநேரம் மருந்துச் சீட்டு எழுதினார். தோள் மட்டும் குலுங்கியது. "பொழச்சுக்குமா?" என்று உங்கள் மாமியார் கேட்டதும் குலுக்கம் நின்றுவிட்டது. "கொஞ்ச நாள் பாக்கணும்மா" என்றார்.

புறம் என்பது தொட்டிக்குப் புறம் இல்லையாம், ஊதாவுக்குப் புறமாம். ஊதாவையும் தாண்டி அப்பால் இருப்பதாம். ஊரில் உள்ளவர்களுடைய வேற்றுமை உருபையெல்லாம் திருத்தியவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? என் இலக்கணத்தால் ஓர் உயிர் போகப் பார்த்தது மாப்பிள்ளை.

இப்போது டியூப் உள்ளே, கட்டைக்கு மேலே. கிட்டே போனால் கண் கெடும், தள்ளிப் போனால் பலன் இல்லை என்று நானும் உங்கள் மாமியாரும் ஸ்கேலை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம். சுண்ணாம்புச் சத்து மருந்தை அதன் உதட்டில் சொட்டு சொட்டாக விட வேண்டும். விட்டால் என் விரலைக் கடிக்கிறது. காலை வெயிலில் தோளில் வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்கிறேன், கீழ்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார். ஓய்வு பெற்றது இதற்கா? இந்தப் பொறுப்பு எனக்கு ஆகாது. கடிதம் கண்டதும் வேறு வீடு பாருங்கள். உங்கள் ஓணானை வந்து அழைத்துச் செல்லவும். இது என் முடிவு.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்திலேயே நீண்ட காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

அன்பு மாமனார்.

பின்குறிப்பு: தபாலில் போடுமுன், பழக்க தோஷத்தால், சிவப்புப் பேனாவோடு தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து இதைத் திருத்திக்கொண்டிருந்தேன். மூடி திறந்திருந்தது. கட்டை மேலிருந்து ஒரு தலை நீண்டு வந்து பேனாவைக் கவ்விவிட்டது. பழம் என்று நினைத்திருக்க வேண்டும். ஏறியிருக்கிறது மாப்பிள்ளை, கட்டை மேல் தானாகவே ஏறியிருக்கிறது! உங்கள் மாமியார் ஓடி வந்து கீரையை நீட்டினாள், மொறுக் மொறுக்கென்று தின்றது. நாங்கள் இருவரும் அசடு மாதிரி அழுதோம். ஆகவே கீழ்க்கண்ட பிழைகளைத் திருத்தி வாசிக்கவும். 'வந்து அழைத்துச் செல்லவும்' என்பதை 'வந்து பார்த்துச் செல்லவும்' என்று வாசிக்கவும். 'உங்கள் ஓணான்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'எங்கள் ஓணான்' என்று வாசிக்கவும். "'நம்ம ஓணான்'னு போட்டா மாப்பிள்ளையும் சேர்ந்துக்குவாரே" என்கிறாள் உங்கள் மாமியார். தெரிந்துதான் 'எங்கள்' என்று போட்டிருக்கிறேன்.