எந்தப் பல்?

“எந்தப் பல்லு?” என்று கேட்டார் மேனேஜர்.

பில் சார் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ‘பல் வலி சார், ரெண்டு மணி நேரம் பர்மிஷன் வேணும்’ என்பதை மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தவர், எந்தப் பல் என்று முடிவு செய்ய மறந்துவிட்டார். கை போன போக்கில் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பில் போடுவதால் அவருக்கு அந்தப் பெயர். வயது நாற்பத்தொன்பது. ஆறு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கால் ஆடிய முக்காலி ஒன்றைச் சரிசெய்ய உட்கார்ந்தார். மனைவி வந்து விளக்கைப் போட்டபோதுதான் பொழுது சாய்ந்ததே தெரிந்தது. ஆபீஸில் கடிகாரத்தை ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்க்கிற மனிதர் அவர். அன்றைக்குப் பிடித்த ஆசை விடவே இல்லை. பில் போடும்போதுகூட மரத்தூள் வாசனை வந்து படுத்தியது.

இன்று பதினொரு மணிக்கு ஒரு மரப்பட்டறையில் இன்டர்வியூ. முதல் வருஷம் பாதிச் சம்பளம், தொழில் பிடிபட்டால் அப்புறம் பங்கு என்று பட்டறைக்கார அம்மா போனில் சொல்லியிருந்தார். சேர்த்து வைத்ததோடு அந்தப் பாதியும் வந்தால் வீடு தாங்கும். அது கிடைக்காமல் இதுவும் போனால் தாங்காது. வேறு இடம் தேடுவது தெரிந்தால் இந்த ஆபீஸில் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். இன்னும் கொஞ்சம் பணம் கையில் இருந்திருந்தால், ‘போயிட்டு வரேன் சார்’ என்று நேராகவே சொல்லியிருப்பார். இல்லாததால் பல் வலித்தது.

“வேலை கைக்கு வர்ற வரைக்கும் ஆபீஸ்ல வாயே திறக்காதீங்க” என்று மனைவி வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்.

“எனக்குத் தெரிஞ்ச டாக்டர் பக்கத்துத் தெருவுலயே இருக்காரு. போன் போடட்டுமா?” என்றார் மேனேஜர்.

“வேண்டாம் சார், வழக்கமா பாக்குற டாக்டர் ஒருத்தர்...”

“யாரு? பேரென்ன?”

அவசரத்துக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. “ஆ... அம்...” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பேசவே முடியலையா? அப்ப முத்திப்போச்சு! வாய்யா, என் வண்டியிலயே போயிடலாம்.”

வண்டியில் ஏறியதும் பில் சார் சமாளித்துப் பார்த்தார். “சார், இப்பப் பரவாயில்ல. சுத்தமா விட்டுடுச்சு.”

“அதான்யா ஆபத்து. வலி திடீர்னு நின்னா வேர் சாகுதுன்னு அர்த்தம்.”

“இல்ல சார், லேசா இருக்கு.”

“பாத்தியா, திரும்ப வந்துடுச்சு!” வண்டி இன்னும் வேகமாகப் போனது.

சிக்னலைத் தாண்டும்போது அந்தப் பட்டறை தெரிந்தது. சுவரோரம் பலகைகள் சாய்ந்திருந்தன. வாசலில் ஒருவர் முட்டி போட்டு ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். அது மறைகிற வரைக்கும் பில் சார் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“ரொம்ப வலிக்குதா?”

“ரொம்ப சார்” என்றார். காலையிலிருந்து அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். மனைவி பேச்சு அத்தோடு போயிற்று.

“இது நல்லா இருக்கே?”

பில் சார் பக்கத்துப் பல்லைக் காட்டினார். அதுவும் நல்லாத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டே காலம் தள்ளியும் ஒன்றுகூடச் சொத்தையாகித் தொலைக்கவில்லை.

“நல்லாப் பாருங்க டாக்டர்” என்றார் கூடவே உள்ளே வந்து நின்ற மேனேஜர். “இவரு பொய் சொல்ற ஆளே கிடையாது.”

மணி பத்து இருபது. பல் நல்ல பல் என்றால் வலி பொய், வலி பொய் என்றால் வேலை காலி. பில் சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“அதேதான் டாக்டர். பிடுங்கிடுங்க.”

டாக்டர் அவரைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க சார்” என்று மேனேஜரை அனுப்பிவிட்டு, ஊசி போட்டார். “நிச்சயமாவா?” என்று இன்னொரு தடவை கேட்டார். பில் சார் தலையை மட்டும் ஆட்டினார். சாகிற வரைக்கும் கூட வந்திருக்க வேண்டிய பல், ரெண்டு இழுப்பில் தட்டில் விழுந்தது.

பத்து நாற்பதுக்கு மேனேஜர் எட்டிப் பார்த்தார். “இன்னிக்கு ஆபீஸ் பக்கமே வராதய்யா. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பில் சார் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினார். இருபது நிமிஷம் இருக்கிறது. ஓடினால் போய்விடலாம். ஆனால் டாக்டர் வாயில் வைத்த பஞ்சை அடைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? அந்த அம்மாவிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. முக்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையைப் பெருக்கக்கூடத் தயார் என்று சொல்ல வேண்டும். இந்த வயதில் இப்படி ஓர் ஆசை வந்ததற்குத் தனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் விட முடியவில்லை என்று சொல்ல வேண்டும். பஞ்சை எடுக்க வாய்க்குள் விரலை விட்டார்.

டாக்டர் சட்டென்று கையைப் பிடித்துத் தடுத்தார்.

“எடுக்காதீங்க சார்! போன மாசம் உங்க மேனேஜரும் இதே மாதிரி நல்ல பல்லைப் பிடுங்கிக்கிட்டு, பஞ்சைத் தூக்கிப் போட்டுட்டு இன்டர்வியூவுக்கு ஓடினாரு; பேசப் பேச சட்டையெல்லாம் ரத்தமாகி, பாவம், அந்த வேலை அவருக்குக் கிடைக்கவே இல்ல.”