இடது பின்பக்கம் ஒரு சத்தம்

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பாக்கியநாதன் பின்னால் திரும்பிப் பார்த்தார். சீட்டில் மனைவியைக் காணோம்.

அவருக்குப் பகீரென்றது. பாலக்கரை வீட்டு வாசலில் அவளை ஏற்றிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருந்தது. கதவைக்கூட அவரேதான் சாத்தினார்.

"சகாயம்!"

"இங்க இருக்கேங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ரயில்வே கேட்டில் கார் துள்ளிய துள்ளலில் சகாயம்மாள் சீட்டிலிருந்து நழுவி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர்ந்திருந்தாள். மடியில் மருந்துச் சீசா பத்திரமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கியர் மாத்திக்கிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ணுவானேன்னு இருந்துட்டேன்."

அவள் அப்படித்தான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் புருஷனிடம் இதைக் கேட்டு வாங்கினாள் என்று ஒரு பொருளைக் காட்ட முடியாது. பிள்ளையும் பிறக்கவில்லை. அதையும் மாதாவிடம்தான் கேட்டாளே தவிர, வேறு யாரிடமும் வாய் திறந்து புலம்பியதில்லை.

டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுப் பாக்கியநாதனைத் தனியாக அழைத்தார்.

"இவங்க இருதயம் இருக்கிற இருப்புக்கு மாட்டு வண்டியே தேவலைங்க. என்ன கார் அது?"

"பியட்டுங்க டாக்டர். பந்தயத்துக்காக ஸ்பிரிங் பட்டையைக் கொஞ்சம் கெட்டி பண்ணி வெச்சிருக்கேன்."

"பந்தயமா?" டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

பந்தயமேதான், சிரிக்காதீர்கள். உறையூரில் சுருட்டுக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த பாக்கியநாதனுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. சொந்தச் சுருட்டைக்கூடப் பிடிக்க மாட்டார். அவருக்கிருந்த ஒரே பைத்தியம் வருஷத்துக்கு ஒருமுறை சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் நடக்கும் கார் பந்தயம். போன வருஷம் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார். கடைசி ஆளுடைய கார் பாதி வழியிலேயே நின்றுபோயிருந்தது.

"வால்வு ரொம்பக் கெட்டுப்போச்சு" என்றார் டாக்டர். "எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. மனசு சந்தோஷமா இருக்கணும். குலுக்கல் கூடாது. வாராவாரம் கூட்டிக்கிட்டு வாங்க."

இதில் பாக்கியநாதன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது குலுக்கலை மட்டும்தான். முதலில் சொன்னதை நினைக்கவே பயமாக இருந்தது. மனசைச் சந்தோஷப்படுத்துவது எப்படியென்று அவருக்குத் தெரியாது. குலுக்கலை நிறுத்துவதற்கென்றால் ஜமால் இருந்தான்.

ஜமாலின் பட்டறை பாலக்கரைச் சந்து ஒன்றில் இருந்தது. எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் "செஞ்சுடலாம்" என்பான். செய்த பிறகுதான் எப்படிச் செய்திருக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியவரும். ஆனால் மனசு தங்கம்.

"ஊருக்கும் ஆகணும், சோழவரத்துக்கும் ஆகணும். அப்படி ஒரு ஸ்பிரிங் செட்டு வேணும்" என்றார் பாக்கியநாதன்.

"முதலாளி, ஒரே செருப்பைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கும் போவேன், வயலுக்கும் போவேன்ங்கிறீங்க."

"முடியுமா, முடியாதா?"

"செஞ்சுடலாம்."

பந்தயத்துக்காகப் பின்னால் கூடுதலாகப் போட்டிருந்த பட்டைகளை ஜமால் கழற்றினான். சாயங்காலம் பாக்கியநாதன் வீட்டுக்குள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சகாயம், கிளம்பு. வண்டியை டெஸ்ட் பண்ணணும்" என்றார்.

கூடத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அவருடைய அக்கா ரோசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். நல்ல கனமான உடம்பு, அதற்கேற்ற குரல்.

"பொழுது சாயற நேரத்துல எங்கடா ரெண்டு பேருமா?"

"டெஸ்ட்டுக்கு அக்கா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டரா? அப்பச் சரி."

அந்தக் காலத்தில் பாலக்கரையில் புருஷனும் பெண்டாட்டியும் சும்மா காற்று வாங்கக் காரில் போனார்கள் என்றால் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். கோயிலுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சாவு வீட்டுக்குப் போகலாம். சும்மா போவது என்ற ஒன்று அந்த வீட்டின் நினைப்பிலேயே இருந்ததில்லை.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அம்மா மண்டபத்துப் பக்கம் வண்டி நின்றபோது சகாயம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாக்கியநாதன் அந்த நேரத்தில் இறங்கி டயரைப் பார்த்தார். திரும்பி வரும்போது பாலத்தின் மேல் கேட்டார்:

"எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தப்பா நினைக்காதீங்க. தூளி மாதிரி ஆடுதுங்க. வயித்தைப் புரட்டற மாதிரி இருக்கு."

"நினைச்சேன்!" என்று ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "பட்டையை ரொம்பக் குறைச்சுட்டான் பாவி."

மறுநாள் ஜமால் ஒரு பட்டையைத் திரும்பச் சேர்த்தான். சாயங்காலம் மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை முக்கொம்பு ரோடு.

"ஆடலைங்க. ஆனா வலப்பக்கம் ஏதோ சாயற மாதிரி…"

சாய்வை நேராக்க டிக்கியின் இடப்பக்கம் புகையிலை மூட்டை ஏற்றினார்கள். சாய்வு போனதோ இல்லையோ, காருக்குள் உட்கார்ந்தவர்கள் தும்மித் தும்மி மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். புகையிலையை இறக்கிவிட்டுக் கொள்ளிடத்து மணலை மூட்டை கட்டிப் போட்டார்கள். மூட்டையில் ஓட்டை விழுந்து, போகிற வழியெல்லாம் மணல் கோடு போட்டுக்கொண்டே வந்தது. திருவானைக்கோவிலில் ஒரு போலீஸ்காரர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து, மணல் கடத்துகிறீர்களா என்று விசாரித்தார்.

"மூட்டை எதுக்குடா? நான் பின்னாடி உட்கார்றேன்" என்று ரோசம்மாள் பெருந்தன்மையோடு முன்வந்தாள். ஜமாலும் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, "கணக்கு சரியா வரும் முதலாளி" என்றான்.

அன்றைக்கு மூன்று பேருமாகச் சமயபுரம் ரோட்டில் போனார்கள். போகும்போதும் வரும்போதும் ரோசம்மாள், மாதா கோயில் பங்கில் யார் யார் பூசைக்கு வருவதில்லை என்று பட்டியல் சொல்லிக்கொண்டே வந்தாள். சகாயம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து இறங்கியதும் மெதுவாகச் சொன்னாள்:

"மூட்டையே தேவலைங்க. அக்கா உட்கார்ந்தா வண்டி பின்னாடி படுத்துக்குது."

ரோசம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காரின் பக்கமே அவள் திரும்பவில்லை.

அடுத்த டெஸ்ட்டில் சகாயம்மாள், "பின் சீட்டுலதான் அதிர்ச்சி தெரியுதோ என்னவோ. முன்னாடி உட்கார்ந்து பார்க்கட்டுங்களா?" என்று கேட்டாள். பாக்கியநாதன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். டெஸ்ட்டுக்காகத்தானே என்று சமாதானம் செய்துகொண்டு முன்கதவைத் திறந்துவிட்டார்.

இப்படியே கிறிஸ்துமஸ் வந்து போனது. சாயங்காலமானால் வேலைக்காரி இருளாயி சகாயம்மாளுக்குத் தலை வாரிப் பூ வைத்துவிடுவாள். இரண்டு பேரும் என்னவோ குசுகுசுவென்று பேசிச் சிரித்துக்கொள்வார்கள். "டெஸ்ட்டுக்கு எதுக்குப் பூ?" என்று ரோசம்மாள் கேட்பாள்.

மதராஸிலிருந்து புது ஷாக் அப்சார்பர் வரவழைத்தார் பாக்கியநாதன். பந்தயக்காரர்கள் போடுவது, திருகினால் மெத்தென்று ஆகும், மறுபடி திருகினால் கெட்டியாகும் என்று எழுதியிருந்தார்கள். ஜமால் திருகினான். எந்தப் பக்கம் திருகினான் என்பதுதான் தெரியவில்லை. அன்றைக்கென்று பார்த்துப் பங்குச் சாமியார், "பாக்கியநாதா, ஸ்டேஷன் வரைக்கும் விட்டுடேன்" என்று ஏறிக்கொண்டார். முதல் பள்ளத்தில் அவர் தலை கூரையில் இடித்தது. இரண்டாவது பள்ளத்தில் தொப்பி காதுவரைக்கும் இறங்கிவிட்டது.

இறங்கும்போது சாமியார் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே, "இந்த வண்டியில ஏறணும்னா, செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத்தான் ஏறணும்" என்றார்.

பாக்கியநாதன் நேரே பட்டறைக்குப் போய்க் கத்தினார். ஜமால் பயந்துபோய் மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டான். பிரித்ததைச் சேர்க்கும்போது ஒரு பட்டை உடைந்து, அதற்கு மாற்றுப் பட்டை தேடி, அது கிடைத்த அன்றைக்குச் சோழவரத்தில் பந்தயம் முடிந்திருந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சகாயம்மாளைப் பார்த்துச் சொன்னார்:

"உன்னால ஒரு வருஷம் போச்சு. எதைப் பண்ணினாலும் உனக்குக் குத்தம். உனக்குத் திருப்தின்னு ஒண்ணு உண்டா?"

சகாயம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த வருஷம் போயிடலாங்க" என்றாள். "அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்."

கோபத்தில் இருந்த மனுஷனுக்கு அதில் என்ன புரியும்? முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் செருப்போடு உள்ளே வந்து, "கிளம்பு" என்றார். ஜமால் கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதல் நாள் செய்த மாதிரியே பட்டைகளைக் கட்டிக் கொடுத்திருந்தான்.

அன்றைக்கு முக்கொம்பில் வெகுநேரம் நின்றார்கள். மதகுகளில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. அவள் அவர் பக்கம் குனிந்து, பள்ளிக்கூடத்து நாளில் ஒருதரம் இங்கே வந்து புளியோதரை சாப்பிட்டதைச் சொன்னாள். பதினைந்து வருஷமாக அவருக்குத் தெரியாத கதை அது. அவர் சிரித்தார், டயரைப் பார்க்க மறந்துவிட்டார்.

வீட்டு வாசலில் கார் நின்றது.

"இப்பவாவது சொல்லு. எப்படி?"

சகாயம்மாள் கதவுப் பிடியில் கை வைத்தபடி யோசித்தாள்.

"இடது பின்பக்கம், சக்கரத்துக்கிட்ட, ஒரு 'டக்'குனு சத்தம் வருதுங்க. லேசாத்தான்."

"அடக் கடவுளே!" என்றார். ஆனால் அன்றைக்கு அவருக்குக் கோபம் வரவில்லை. "சரி, நாளைக்குப் பார்த்துடலாம்."

மறுநாள் அவள் படுக்கையை விட்டு எழவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குப் போய், வீடு காலியானது. சாயங்காலம் வந்ததும் பாக்கியநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாவியைக் கையில் எடுப்பார், ஆணியில் மாட்டுவார், மறுபடி எடுப்பார். கடைசியில் ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

"பந்தயப் பட்டையைத் திரும்ப மாட்டிடட்டுங்களா முதலாளி?" என்று ஜமால் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பந்தயம் கிடக்கட்டும். இடது பின்பக்கம் ஒரு சத்தம் வருது. சகாயம் கடைசியா சொன்னது. அதைக் கண்டுபிடி."

ஜமால் சக்கரத்தைக் கழற்றினான், பட்டையைத் தட்டிப் பார்த்தான், ரப்பர் புஷ்ஷை மாற்றினான். ஒரு குறையும் இல்லை என்றான். பாக்கியநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ ஓட்டு, நான் கேட்கிறேன்" என்று பின்கதவைத் திறந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்துகொண்டார். உறையூர்ச் சுருட்டு முதலாளி, காதைத் தகரத்தில் வைத்துக்கொண்டு, முக்கொம்பு வரைக்கும் அப்படியே போய்த் திரும்பினார். ரோட்டில் போனவர்களுக்குக் காரில் ஜமால் மட்டும்தான் தெரிந்தான்.

கார் பாலில் மிதக்கிற மாதிரி வந்தது. எங்கும் ஒரு சத்தமும் இல்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றும் அவர் எழுந்திருக்கவில்லை. ஜமால் பின்கதவைத் திறந்தான். முதலாளி கீழே உட்கார்ந்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"அவ காதுல விழுந்துச்சே ஜமால். என் காதுல ஏன் விழ மாட்டேங்குது? எதையும் வேணும்னு கேட்டதே இல்லாதவ, கடைசியா ஒண்ணு சொன்னா. அதைக்கூட என்னால சரி பண்ண முடியலையே. நாளைக்கு எல்லாத்தையும் பிரிச்சுடு. ஒவ்வொரு ஆணியாப் பார்த்துடலாம்."

வாசல் தெளிக்கக் குடத்தோடு வந்த இருளாயி அப்படியே நின்றுவிட்டாள். குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"பிரிக்காதீங்கய்யா, சத்தமே கிடையாது. வண்டி மொத நாளே பஞ்சு மாதிரி இருந்துச்சாம்; சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டா நாளைக்கு எதுக்கு ஐயா கூட்டிக்கிட்டுப் போவாருன்னு, தலை வாரறப்பவே அம்மா தெனம் ஒரு குத்தம் யோசிச்சு வெச்சுக்கும்."