சுருட்டை முடி கிளார்க்

தபால் செலவு என்றாலே எனக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அன்றைக்கு எரிந்தது வயிறு மட்டுமல்ல.

என் மனைவி குழந்தைகளுக்கான கவுன் தைத்து வெளியூர் வாடிக்கையாளர்களுக்குப் பார்சலில் அனுப்புகிறவள். பார்சல் போனால் பின்னாலேயே ஒரு வாழ்த்து அட்டையும் தனித் தபாலில் போகும். "அட்டையை பார்சலுக்குள்ளேயே வையேன், செலவு மிச்சம்" என்று நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். சுவர்கூட அசைந்தது. அவள் அசையவில்லை.

அன்று தபாலாபீசிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள்.

"ஏங்க, இனிமே அட்டைய பார்சலுக்குள்ளயே வெச்சிடலாம். செலவு மிச்சம்."

"அட! யார் சொன்னா?"

"கவுண்டர்ல புதுசா ஒரு கிளார்க் வந்திருக்காரு. அவர்தான்."

"இதையே நான் சொன்னப்போ?"

"நீங்க கத்துனீங்க. அவரு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு."

எனக்குக் காது மடல் சுட்டது.

"அவன் பார்சலை எடை போட்டானா, ஆளை எடை போட்டானா?"

"சீ, போங்க! தங்கமான மனுஷன். அந்த சுருட்டை முடிதான் என்ன அழகு!"

என் கை தானாக என் வழுக்கையைத் தடவியது.

அடுத்த வாரம் பார்சல் போடும் நாள். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினாள். வாரினாள். வாரிக்கொண்டே இருந்தாள்.

"தபாலாபீசுக்கா போற, கல்யாணத்துக்கா?"

"நாலு பேர் பாக்கற இடமாச்சே."

"அந்த நாலு பேர்ல மூணு பேரப் பத்தி எனக்குக் கவலையே இல்ல! பையைக் குடு. தபால் கட்டணம் ஏறிக்கிட்டே போகுது. பொறுப்பான ஆள் போனாத்தான் சரி. இனிமே எப்பவும் நான்தான்!"

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? எனக்குப் பழகிப்போச்சு."

பழகிப்போச்சாம்! பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். இருப்பதிலேயே நல்ல சட்டை. இருக்கிற முடிக்கு எண்ணெய்.

தபாலாபீஸ் வரிசை வாசல்படி தாண்டி வெயிலில் நின்றது. பை தோளை அறுத்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. 'சார், கவுன் தைக்கிறவங்களோட புருஷன் நான்' என்று கம்பீரமாகச் சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டே நகர்ந்தேன்.

கவுண்டரில் இருந்தது ஒரு அம்மாள். மூக்கு நுனியில் கண்ணாடி. நெற்றி முழுக்கக் கோபம்.

"எதுக்கு இவ்வளவு கயிறு? கயித்துக்கும் எடை உண்டு, எடைக்குக் காசு உண்டு."

"அம்மா, சுருட்டை முடியா, சிரிச்ச முகமா ஒரு கிளார்க்..."

"பத்து வருஷமா இந்த சீட்ல நான்தான். சிரிக்கிறதுக்குன்னு இங்க ஆள் போடல. அடுத்தது யாரு?"

வியர்த்து வழிய வீடு வந்து சேர்ந்தேன். மனைவி நாற்காலியில் கால் நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள். வாசலருகே அடுத்த வாரத்துப் பார்சல்கள் தயாராக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"அங்க அப்படி ஒரு ஆளே இல்லையே!"

"அடடா, மாத்தலாகிப் போயிட்டாரோ என்னவோ."

"மாத்தலா? அந்தம்மா பத்து வருஷமா..."

நான் முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் ஜன்னல் வழியாக வந்தது:

"அக்கா! அந்த சுருட்டை முடி கதைய எங்க வீட்டுக்காரர்கிட்டயும் விட்டுப் பாத்தேன். கரண்ட் பில் கட்ட இப்பவே கிளம்பிட்டாரு!"