விதுஷாவின் ஜக்கெட்டுக்குக் கஞ்சி போட்ட கதை

நான் இன்றுவரை ஒரு துவக்கைத் தூக்கிச் சுட்டதில்லை. குறி பார்க்க ஒற்றைக் கண்ணை மூடச் சொன்னால் எனக்கு இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அப்படியிருந்தும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த பெரிய அழிவுக்கு நான் ஒருவன்தான் காரணம். இதை மறைத்துப் பயனில்லை. பெரியகல்லாற்றில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவார்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு பெண்ணுக்கு உரியது. (ஆணுக்கு உரியது ஒரு சூட்கேஸ்.) அப்படித்தான் வெல்லாவெளியில் வயலும் வரம்புமாக வளர்ந்த நான், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் பெரியகல்லாற்றுக்கு வந்து சேர்ந்தேன். நெல்லைப் பற்றி என்னிடம் எது கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் நெல்லைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. தோணியில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். மீன் வாங்கப் போனால் நேற்றைய மீனோடு திரும்புவேன். மாமி ஒன்றும் சொல்லமாட்டார். மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே நான் அந்த வீட்டில் ஏதாவது ஒரு விதத்தில் உபயோகமாகிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

அகப்பட்டவள் விதுஷா. என் மனைவி ரஜனியின் தங்கை.

விதுஷா பள்ளிக்கூட நாளிலிருந்து எயார் ரைபிள் சுடுகிறவள். பத்து மீற்றர் தூரத்தில் ஒரு கடதாசி அட்டை, அதன் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் சின்ன ஈயக் குண்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் துவக்கு என்ற சொல்லை யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. மாமி முதல் வருடம் முழுக்க அதற்காக அழுதாராம். ஆனால் இந்தப் பிள்ளை தூக்கினால் அசையாது. மூச்சுக்கூட அவளுடைய அனுமதி கேட்டுத்தான் வெளியே வரும் என்று அவளுடைய பயிற்சியாளர் அருமைநாதன் சேர் சொல்லுவார்.

அந்த வருடம் மாகாணத் தெரிவுப் போட்டி மட்டக்களப்பிலேயே நடப்பதாக அறிவித்தார்கள். இளையோர் பிரிவில் முதல் மூன்று பேர் கொழும்புக்குப் போகலாம். விதுஷாவுக்கு இளையோர் பிரிவில் அதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். பிறகு, பதினைந்து வருடம் சுட்டுப் பழகிய பெரியவர்களோடுதான் நிற்க வேண்டும். அதனால் அந்த மூன்றாம் இடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று அவள் சாப்பாடு தண்ணி இல்லாமல் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கிட்டக் குறை ஒண்டும் இல்ல. சாமான்தான் இல்ல" என்றார் சேர் ஒருநாள்.

அவர் அதைச் சும்மாதான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கிழமை முழுக்க வெளிநாட்டு வீடியோக்களாகப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, இந்த விளையாட்டில் துவக்கு ஒரு சின்னப் பகுதி. கைக்குத் தடித்த உறை, தட்டை அடி வைத்த சப்பாத்து, சுடாத கண்ணை மறைக்க ஒரு சின்ன மறைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக இடுப்பையும் முதுகையும் இறுக்கிப் பிடிக்கும் விறைத்த ஜக்கெட். அந்த ஜக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். நாங்களே செய்வோம் என்று முடிவெடுத்தேன். (நாங்கள் என்றால் நான். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்த முடிவில் பங்கில்லை.)

கண் மறைப்பை ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டிச் செய்து அவளுடைய தொப்பியில் கிளிப்பால் மாட்டினேன். அருமையாக வேலை செய்தது. "அத்தான், நல்லா இரிக்கு. கண்ணுக் கூசல்ல" என்றாள். அந்த ஒரு பாராட்டு என்னைக் கெடுத்துவிட்டது. சப்பாத்தின் அடியில் பலகை அடித்துக் கொடுத்தேன். அதைப் போட்டு நாலடி நடந்தவள் கழற்றி வைத்துவிட்டு, "இது வேணாம் அத்தான்" என்றாள். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஜக்கெட்டுக்குக் காத்தான்குடியில் ஒரு தையல்கார நானாவைப் பிடித்தேன். (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.) அவர் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது ஆரு போடப்போற சட்டை, தம்பி?"

"மச்சாள். துவக்குச் சுடுறவ."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணம் முடிச்சி எவ்வளவு காலம்?"

"எட்டு மாசம்."

"பொஞ்சாதியும் சுடுவாவா?"

"இல்ல நானா."

"அப்ப சரி" என்று அளவு நாடாவை எடுத்தார்.

லொறிக்கு மூடும் கன்வஸ் துணியில் இரட்டைத் தையலும் தோல்பட்டியும் வைத்து அழகாகத் தைத்துத் தந்தார். ஒரேயொரு குறை. அது விறைக்கவில்லை. நாலுதரம் போட்டதும் பழைய சாக்கு மாதிரித் தொங்கியது. நானா மேல் பிழையில்லை. துணிக்கு அவ்வளவுதான் பலம்.

வேட்டி தொய்ந்தால் கஞ்சி போடுவோம். நானும் போட்டேன். சோற்றுக் கஞ்சி போட்டுப் பார்த்தேன், மசியவில்லை. சவ்வரிசிக் கஞ்சி போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி தொங்கியது. இப்படி நொந்துபோய் இருந்த ஒரு பின்னேரம், மாமி தேத்தண்ணியோடு ஒரு எள்ளுருண்டை வைத்தார். கடித்தேன். பல் வலித்தது. எள்ளையே கல்லாக்குகிற பாகு கன்வஸை விட்டுவைக்குமா என்று என் மூளை கேட்டது. அந்த மூளையை அன்றைக்கே கழற்றி வாவியில் எறிந்திருக்கலாம்.

மறுநாள் வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம், ஒரு கிலோ சீனியைப் பாகு காய்ச்சிச் சவ்வரிசிக் கஞ்சியில் கலந்து, சுவருக்கு வெள்ளையடிக்கிற தூரிகையால் ஜக்கெட் முழுக்கப் பூசினேன். உள்ளேயும் வெளியேயும். தகரக் கூரையில் ஒரே பகலில் காய்ந்தது. தட்டினால் கதவில் தட்டுவது போலச் சத்தம் வந்தது. எறும்பு வராமலிருக்க இரண்டு பூச்சி உருண்டைகளைப் பையில் போட்டு, சூட்கேசில் வைத்துப் பூட்டினேன். அந்த அளவுக்கு யோசிக்கத் தெரிந்தவன்தான் நான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

"ரெண்டு நாளைக்கு முதல்தானே சீனி வாங்கின? எங்க போன?" என்றாள் ரஜனி.

"தேத்தண்ணி கொஞ்சம் கூடக் குடிச்சிற்றன்" என்றேன்.

விதுஷாவிடம், "விசேசக் கஞ்சி" என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு பின்னேரம் அதைப் போட்டுச் சுட்டுப் பார்த்தாள். வாவிக் காற்று குளிர்ச்சியாக வீசிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் எடுத்த புள்ளி அதுவரை எடுக்காத புள்ளி. சேர் ஜக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆரு தம்பி செய்த?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் சேர்" என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டில் மாமி எனக்கு இரண்டு துண்டு மீன் வைத்தார். பெருமூச்சும் விடவில்லை.

போட்டி நாள் காலையில் மண்டபத்துக்கு வெளியே காத்திருந்தோம். ஜக்கெட்டில் பூச்சி உருண்டை மணம் வீசியது. சுடும்போது பிள்ளைக்குத் தலையிடிக்கும் என்று அந்த இரண்டு உருண்டைகளையும் நானே என் கையால் எடுத்து எறிந்தேன். மணம் போகட்டும், கொஞ்சம் காயவும் செய்யட்டும் என்று ஜக்கெட்டை மாமரத்தடி மதிலில் விரித்துவிட்டு, ரஜனியோடு தேத்தண்ணி குடிக்கப் போனேன். அரை மணித்தியாலம்.

சாமான்களைச் சோதிக்கிற அதிகாரி ஜக்கெட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"தங்கச்சி, இது என்ன வாசம்?"

"விசேசக் கஞ்சி, சேர்" என்றாள் விதுஷா பெருமையாக.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரை குத்தினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மண்டபத்தில் மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். காற்றுப் பட்டால் அட்டை ஆடுமாம். மட்டக்களப்பு வெயிலில், கன்வஸ் ஜக்கெட்டுக்குள், நாற்பது குண்டு. இதை நான் யோசிக்கவே இல்லை. நானும் ரஜனியும் சேருக்குப் பின்னால் பார்வையாளர் வாங்கில் இருந்தோம். வாய் திறக்கக் கூடாது. முதல் இருபது குண்டும் மணி மாதிரி விழுந்தன. சேர் தன் கொப்பியில் குறித்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாம் இடம். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. ரஜனி என் கையைப் பிடித்தாள்.

இருபத்தைந்தாவது குண்டுக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது. 'சர்ர்' என்று. இடுப்பில் ஊன்றியிருந்த முழங்கையை விதுஷா எடுக்கும்போது அந்தச் சத்தம். அடுத்த குண்டுக்கும் அதே சத்தம். வியர்வையில் பாகு இளகத் தொடங்கியிருந்தது. கையுறை துவக்கில் ஒட்டியது. கன்னத்தைத் துவக்கிலிருந்து எடுக்க அவள் தலையை உதறினாள். பிறகு வலது தோளைக் குலுக்கினாள். பிறகு இடது. துவக்கோடு நின்றால் அசையவே அசையாத பிள்ளை நெளிவதைப் பார்த்ததும் எனக்கு மாமரம் ஞாபகம் வந்தது.

குனிந்து சேரின் காதருகில் போனேன்.

"சேர், எறும்பு."

"எங்க?"

"ஜக்கெட்டுக்குள்ள."

"அதுக்குள்ள எறும்புக்கு என்ன வேலை?"

"சீனி போட்டிரிக்கன், சேர்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. விதுஷா கையை உயர்த்தினாள். மேற்பார்வையாளர் வந்தார். ஜக்கெட்டைக் கழற்ற அனுமதி கொடுத்தார். அவள் பட்டியை இழுத்தாள், வரவில்லை. பொத்தானைத் திருகினாள், வரவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒருமுறை திரும்பி என்னைத்தான் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு துவக்கைத் தூக்கினாள்.

மிச்சக் குண்டுகளை அந்தப் பிள்ளை நெருப்பெறும்பு கடிக்கக் கடிக்கச் சுட்டாள். ஒவ்வொரு குண்டுக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் எதற்காவது உபயோகப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டதற்கு இது தண்டனை என்றால், அதை எனக்கல்லவா தந்திருக்க வேண்டும், ஏன் அவளுக்கு என்று அந்த வாங்கிலேயே செத்துப்போய் இருந்தேன்.

நாலாம் இடம். மூன்றாம் இடக்காரிக்கும் அவளுக்கும் ஒரேயொரு புள்ளி வித்தியாசம்.

பெண்கள் அறையில் ரஜனி கத்தரிக்கோலால் ஜக்கெட்டை வெட்டித்தான் எடுத்தாள். வெளியே வந்தபோது விதுஷாவின் கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. என் முன்னால் வந்து நின்றாள்.

"எத்தின கரண்டி, அத்தான்?"

"என்னது?"

"சீனி."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கரண்டி இல்ல, புள்ள. ஒரு கிலோ."

ரஜனி சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். விதுஷா சிரிக்கவில்லை. மதிலில் சாய்ந்து, முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதாள். பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்து வந்தோம். வீட்டில் மாமி எதுவும் கேட்கவில்லை. பெருமூச்சு மட்டும் கேட்டது. அப்படி ஒரு பெருமூச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அவள் பெரியவர்கள் பிரிவில் சுட்டாள். மூன்றுக்குள் வரவில்லை. கொழும்புக்குப் போகவே இல்லை. அதை யாரும் என்னிடம் சொல்லிக் காட்டியதும் இல்லை. அதற்குப் பதிலாக மாமி ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார். வீட்டில் முக்கியமான காரியம் எதுவென்றாலும், முதல் நாளே என் பையை மடித்து வாசலில் வைத்துவிடுவார். "மருமகன் வெல்லாவெளிக்குப் போய் அரிசி ஒள்ளம்போல எடுத்துக்கு வாங்க. ஆறுதலா வாங்க, அவசரமில்ல." ரஜனி அரசாங்க வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது நான் வெல்லாவெளியில் இருந்தேன். வேலை கிடைத்தது. விதுஷாவைப் பெண் பார்க்க வந்தபோதும் வெல்லாவெளியில்தான் இருந்தேன். சம்பந்தம் பொருந்தியது. எங்கள் மகளின் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவளே என் பையை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, பஸ் வரப்போகுது" என்றாள். அவளும் சித்தியடைந்தாள். இவ்வளவுக்கும் பிறகு இதை மூடநம்பிக்கை என்று நான் எந்த வாயால் சொல்வது?

அருமைநாதன் சேருக்கு இப்போது கண் சரியில்லை. துவக்குச் சுடும் கழகத்தில் பிள்ளைகளுக்குப் பழக்குவது விதுஷாதான். போன கிழமை அவளுடைய மாணவி ஒருத்திக்கு மாகாணத் தெரிவுப் போட்டி. முதல் நாள் போன் எடுத்தாள்.

"அத்தான், நாளைக்கு எங்க நிப்பிங்க?"

"பாலத்தடியில வெல்லாவெளி பஸ்ஸுக்கு நிக்கிறன் புள்ள. ஏறிப்போட்டுச் சொல்றன்."

மறுநாள் மத்தியானம் மறுபடி எடுத்தாள். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. இங்கே இருந்துமா கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"மூண்டாமிடம், அத்தான்" என்றாள். "புள்ளையும் நானும் கொழும்புக்குப் போறம். இன்னும் அக்காவுக்கும் சொல்லல்ல, உங்களுக்குத்தான் முதல் சொல்றன்."

நான் அழுதுவிட்டேன். நிசமாகவே அழுதேன். "இப்பவே வாறன் புள்ள, நாலு மணி பஸ்ஸுக்கு ஏறுறன்" என்றேன்.



"அவசரப்படாதீங்க அத்தான்" என்றாள். "கொழும்புப் போட்டி முடியட்டும்."

அதற்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இதை நான் வெல்லாவெளியில் இருந்துதான் எழுதுகிறேன்.