மலையாண்டியின் காப்பி டம்ளர்

டம்ளர்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள். நிறைந்த காப்பி டம்ளர் கைக்கு வந்ததும் எழுந்து நின்று, பந்தலை, பந்தியை, பாத்திரம் கழுவுகிறவரைக்கூட விடாமல் ஏவி, குடித்து முடித்த மறு நிமிஷம் நாற்காலியில் சரிந்து, காலி டம்ளரைக் கீழேகூட வைக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். யாராவது அதை வாங்கினால்தான் அடுத்ததற்குக் கை ஒழியும். கேலி என்கிறீர்களா? நான் விலங்கியல் வாத்தியார், சத்தியமாகச் சொல்கிறேன்: நம் செல்களுக்குள்ளும் இதே ஆசாமிகள் இருக்கிறார்கள்.

அங்கே அவர்கள் புரதங்கள். காப்பிக்குப் பெயர் குவானோசின் டிரைபாஸ்பேட். அதில் மூன்று பாஸ்பேட். அது வந்து ஒட்டியதும் புரதம் உருவம் மாறி, விழித்து, பக்கத்துப் புரதங்களை ஏவும். ஏவிக்கொண்டே ஒரு பாஸ்பேட்டைத் தானே மெதுவாக வெட்டிவிடும். மிஞ்சும் இரண்டுதான் காலி டம்ளர். அதைப் பிடித்தபடி தூங்கிவிடும். வேறொரு புரதம் வந்து காலியைக் கழற்றிவிட வேண்டும். நிறைந்த டம்ளருக்குச் செல்லில் பஞ்சமில்லை, அடுத்தது தானே வந்து உட்காரும்.

புரதம் தூங்கத் தாமதமானால்? எழுபத்து நாலில், கோட்டையூரில், வீரையா மகள் கல்யாணத்தில் பார்த்தேன். குன்றக்குடிக்குப் போயிருந்த சம்பந்தி வீட்டார் திரும்பிவந்து கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும். அவர்களுக்குப் பாயசம் இல்லையென்றால் வீரையாவுக்கு ஆயுசுக்கும் தலைக்குனிவு. பந்தி மேற்பார்வை அவர் மச்சான் மலையாண்டி. யாரோ மகராசி அவருடைய காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க ஒன்றைத் திணித்துவிட்டாள். வாயில் வைக்க முடியாத சூடு. குடித்தால்தானே உட்காருவார்? "இங்குட்டுப் பாயசம், அங்குட்டுப் பாயசம்" என்று மனுஷர் ஏவ ஏவ, வேண்டாமென்று இலையை மறைத்தவர்களின் புறங்கையிலும் ஊற்றினார்கள். அண்டாவில் அடி தெரிந்தது. வீரையா கெஞ்சினார். காதில் விழவில்லை.

மலையாண்டியின் சம்சாரம், வீரையாவின் தங்கச்சி புஷ்பவள்ளி சண்டை போடவில்லை. டம்ளரை வாங்கி, நாலு ஆற்று ஆற்றி நீட்டினார்.

"குடிச்சுப்புட்டு உக்காருங்க. எம்புட்டு நேரமா நிக்கிறீக."

மூன்றே மடக்கு. மலையாண்டி உட்கார்ந்தார், ஊற்றுவதும் நின்றது. சம்பந்திகளுக்கு இலைக்கு ஒரு கரண்டி, சரியாக வந்தது. வீரையா தங்கச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டார். செல்லிலும் இப்படி ஆற்றிக் கொடுத்து, பாஸ்பேட்டைச் சீக்கிரம் வெட்டவைக்கும் புரதம் உண்டு. அது இல்லாமல் போனால் செல் நிறுத்தத் தெரியாமல் பெருகும். சில புற்றுநோய்கள் அப்படித்தான் தொடங்குகின்றன.

போகட்டும். இப்போது உங்கள் கையில் இருப்பது நிறைந்த டம்ளரா, காலியா? காலியென்றால் எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறீர்கள்? என்னைத் திருப்பிக் கேட்காதீர்கள். எனக்குக் காப்பி தீர்ந்துவிட்டது.