டேப் போட்டு ஒட்டப்பட்ட சடையன்

முறத்தில் ரேஷன் அரிசி கிடக்கிறது. வண்டு பொறுக்கிக்கொண்டே சொல்கிறேன், கை நின்றால் கதையும் நிற்கும்.

ரோடு போடாத ஒரு காட்டில் ரேஷன் கடை மட்டும் இருந்தது. அதற்கு ரேகை வைக்கும் மெஷின் வந்தது. காலை வைத்தால் அரிசி. பாம்புக்கு வைக்கக் கால் இல்லை, அதனால் அது வசதியான குடும்பம் என்று முடிவு பண்ணி அரிசியை நிறுத்திவிட்டார்கள்.

மெஷினைப் பார்த்துக்கொண்டது குரங்கு. டீ டம்ளரை அதன்மேல்தான் வைக்கும், பாதியை அதற்குள்தான் கொட்டும். மெஷின் பாதிநாள் ஓடாது. யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த மாசம் அரிசி வராதே.

ஒருநாள் யானை ஆபீசர் வந்தார். "ஏன்யா ஓடல?"

குரங்கு மூடியைக் கழற்றியது. உள்ளே ஒரு விட்டில் பூச்சி செத்துக் கிடந்தது. சடையன் என்று பெயர். குளிருக்கு ஒதுங்கினவன்.

"பாத்தீங்களா சார், பூச்சி!" என்று குரங்கு துள்ளியது. சடையனை அட்டையில் டேப் போட்டு ஒட்டி, 'பழுதுக்குக் காரணம் இதுவே' என்று எழுதிக் கடைவாசலில் மாட்டியது. அதுமுதல் மெஷின் எப்போது நின்றாலும், "பூச்சி புடிச்சிருக்கு, நாளைக்கு வா" என்றார்கள்.

ஆபீசர் மறுபடி வந்த அன்று சடையன் பெண்டாட்டி பூவாத்தா அழுதுகொண்டு வந்தாள்.

"சார், அவரக் குடுத்துடுங்க. அடக்கம் பண்ணணும். புள்ளைங்க வந்து வந்து அந்த அட்டையையே பாத்துட்டு நிக்குதுங்க."

"அது சாட்சிம்மா. குடுத்தா என் வேலை போயிடும்" என்றது குரங்கு.

வரிசையில் நின்ற ஆந்தைக்குப் பொறுக்கவில்லை. இங்கிலீஷ் படித்த ஆந்தை அது.

"ஆபீசரய்யா, கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முந்தியே வெள்ளைக்காரங்க மெஷின் மக்கர் பண்ணா 'பக்'னுதான் சொன்னாங்க. பக்குன்னா பூச்சி. பின்னால ஒரு கம்ப்யூட்டருக்குள்ள நெசமாவே விட்டில் ஒண்ணு சிக்கிச்சு. அதையும் இப்படித்தான் ஒட்டி வச்சாங்க. பேரு முந்தி, செத்தது பிந்தி. இவ புருஷன் என்னங்க பண்ணுவான்?"

பூவாத்தா கண்ணைத் துடைத்தாள். "கேட்டீங்களா சார்? அவர் மேல தப்பே இல்ல."

யானை யோசித்தது. காதை ஆட்டி ஆட்டி யோசித்தது.

"அவ்ளோ பழைய பேரா! வெள்ளைக்காரன்கிட்ட இருக்கிற மாதிரியே நம்ம காட்டுலயும் ஒண்ணு இருக்கா! யோவ் குரங்கு, அட்டை நனைஞ்சிடப் போவுது. கண்ணாடி போட்டு உள்ள மாட்டு."

"அப்ப நான் சார்?" என்றாள் பூவாத்தா.

"உனக்கு இல்லாததா? எப்ப வேணாலும் வந்து பாத்துக்கம்மா. ரேகை வச்சுட்டு உள்ள வா."

பூவாத்தா காலை வைத்தாள். மெஷின் ஓடவில்லை.

நீதி: சாவதாக இருந்தால் நன்றாக ஓடுகிற மெஷினுக்குள் சாக வேண்டும். ஓடாத மெஷினுக்குள் செத்தால், அது பிறந்ததிலிருந்து ஓடாததற்கும் நாம்தான் காரணம். அதனால் எந்த ஆபீசுக்குள் ஒதுங்கினாலும், முதலில் அங்கே மெஷின் ஓடுகிறதா என்று... இதோ வந்துட்டேன் அத்தே, பாப்பாவ நீங்க கொஞ்சம்